மருத்துவரா, நகரமா, வில்லாளியா, பந்தா: கிரேக்க அறவியலை எந்த நூலில் தொடங்குவது?

கிரேக்க அறவியலை முதன்முதலாகப் படிக்கப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். புகழ்பெற்ற நூல், குகை உவமை அதில்தான் இருக்கிறது, அப்புறம் வேறென்ன வேண்டும் என்ற எண்ணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தத் தத்துவவாதிகள் உவமையை அழகுக்காகச் சொல்வதில்லை. வாதத்தின் பாரத்தைப் பல இடங்களில் உவமைதான் சுமக்கிறது. முதலில் படிக்கும் நூலின் உவமை மனதில் உட்கார்ந்துவிட்டால், பிறகு படிப்பதையெல்லாம் அதன் வழியாகவே பார்ப்போம். எந்த நூலில் தொடங்குவது என்பதை இந்தக் கோணத்தில் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் ஒப்பிடப் போவது நான்கு நூல்களை: பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’, அவருடைய ‘குடியரசு’, அரிஸ்டாட்டிலின் ‘நிக்கோமாக்கிய அறவியல்’, எபிக்டெட்டஸின் ‘கையேடு’. நடுவில் எபிகூரஸும் கொஞ்சம் வருவார். என் அளவுகோல் ஒன்றுதான். உவமை சொல்லப்படும்போது, “அது எப்படி?” என்று எதிர்த்துக் கேட்க அந்த நூலுக்குள்ளேயே யாராவது இருக்கிறார்களா?

இந்த அளவுகோல் ஏன் என்றால், பிளேட்டோவின் உரையாடல்களில் பேசும் அவருடைய ஆசிரியர் சாக்ரட்டீஸின் வழி அப்படிப்பட்டது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏதென்ஸில் நல்ல செருப்பு எது, நல்ல கப்பலோட்டி யார் என்பதில் தகராறு இல்லை. நல்ல மனிதர் யார் என்பதில்தான் தகராறு. அவர் தகராறு இல்லாத இடத்தில் பேச்சைத் தொடங்கி, “அங்கே அப்படியென்றால் இங்கேயும் அப்படித்தானே?” என்று தகராறு உள்ள இடத்துக்கு நகர்த்துகிறார். இந்த மாதிரி வாதத்துக்கு அரிஸ்டாட்டில் ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கக் கூடாது. அப்படிச் செய்வது, யாருக்குத் திறமை என்று பார்க்காமல் போட்டிக்கு வீரர்களைக் குலுக்கலில் அனுப்புவது போல, கப்பலில் சுக்கான் பிடிப்பவரை மாலுமிகளிடையே சீட்டுப் போட்டு எடுப்பது போல. ஏதென்ஸில் பெரும்பாலான பதவிகள் குலுக்கலில்தான் நிரப்பப்பட்டன என்பதால் இந்த உவமை அன்று சும்மா வந்த பேச்சு இல்லை. கேட்டவுடன் தலையாட்டத் தோன்றும். ஆனால் ஊர்ப் பொறுப்பு என்பது சுக்கான் பிடிப்பது மாதிரி ஒரு சிலருக்கே கைவரும் திறமைதானா? அதுதானே நிரூபிக்கப்பட வேண்டியது? யாரும் நிரூபிக்காமலே அது உள்ளே வந்துவிட்டது. கூடவே ஒருவர் உட்கார்ந்து குறுக்கே கேட்காவிட்டால் இது கண்ணில் படவே படாது.

குறுக்கே கேட்பவர்கள் நிறைந்த நூல் ‘கோர்கியாஸ்’. கோர்கியாஸ் சிசிலியில் உள்ள லியோண்டினி ஊர்க்காரர், பேச்சுக்கலை ஆசிரியர். அவருடைய சகோதரர் ஹெரோடிகஸ் மருத்துவர். மருத்துவ உவமைக்கு நூலில் வழி திறப்பதே கோர்கியாஸ்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மருந்து குடிக்க மாட்டேன், அறுவைக்கோ சூடு போடவோ சம்மதிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் நோயாளிகளை மருத்துவரால் வழிக்குக் கொண்டுவர முடியாதபோது, தன் பேச்சால் கொண்டுவந்திருப்பதாக அவர் பெருமையாகச் சொல்கிறார். பேச்சுக்கலையைத் தவறாகப் பயன்படுத்தினால் ஆசிரியரைக் குறை சொல்லக் கூடாது என்பதற்கும் அவர் கையில் உவமை இருக்கிறது: குத்துச்சண்டை கற்றவன் தன் தகப்பனையே அடித்தால், கற்றுக்கொடுத்தவரை ஊரைவிட்டுத் துரத்துவீர்களா?

சாக்ரட்டீஸ் இதற்குப் பதிலாகக் கொண்டுவருவது ஒரு முழுக் கணக்கு. வடிவியல்காரர்கள் பேசுவது போலச் சொல்கிறேன் என்று அவரே அறிவிக்கிறார். உடலுக்கு மருத்துவம் செய்யும் வேலையைச் சமையல் செய்வதாக நடிக்கிறது; உடற்பயிற்சி தரும் அழகை ஒப்பனை தருவதாக நடிக்கிறது. அதே விகிதத்தில், ஆன்மாவின் பக்கம் சட்டமியற்றும் கலையாக சோஃபிஸ்டுகள் என்ற கூலி ஆசிரியர்களின் வித்தையும், நீதியாகப் பேச்சுக்கலையும் வேஷம் போடுகின்றன. ஒரு பக்கத்தில் தெரிந்த உறவை வைத்து மறுபக்கத்தில் தெரியாததைக் கண்டுபிடிக்கும் இந்த நான்குக்கு நான்கு அமைப்பைத் தாளில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். கிரேக்கர்கள் உவமையை எவ்வளவு கறாராகக் கையாண்டார்கள் என்பது அப்போது தெரியும்.

இந்த நூலிலேயே ஒரு பலவீனமான உவமையும் இருக்கிறது, அதனால் தொடக்கத்துக்கு இது இன்னும் நல்லது. தச்சுவேலை கற்றவர் தச்சர், இசை கற்றவர் இசைஞர், மருத்துவம் கற்றவர் மருத்துவர்; அப்படியானால் நீதியைக் கற்றவர் நீதிமான்தானே என்று சாக்ரட்டீஸ் கேட்கிறார். கோர்கியாஸ் ஆமாம் என்று சொல்லி மாட்டிக்கொள்கிறார். வாசகர் அங்கே நிற்க வேண்டும். மருத்துவம் கற்றவர் மருத்துவர் ஆகிறார், சரி. ஆனால் அதே படிப்பை வைத்துக்கொண்டு அவரால் விஷமும் கொடுக்க முடியும். தெரிந்துகொள்வது வேறு, நல்லதை விரும்புவது வேறு. தொழில் உவமை முதலாவதைத்தான் காட்டுகிறது, இரண்டாவதைக் காட்டுவதில்லை.

பிளேட்டோவுக்கு இது தெரியாமல் இல்லை. ‘சிறிய ஹிப்பியாஸ்’ என்ற குட்டி உரையாடலில் சாக்ரட்டீஸ் இதே உவமையைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கிறார். வேண்டுமென்றே மெதுவாக ஓடுகிறவர், முடியாமல் மெதுவாக ஓடுகிறவரைவிட நல்ல ஓட்டக்காரர். அப்படியென்றால் தெரிந்தே அநியாயம் செய்கிறவர், தெரியாமல் செய்கிறவரைவிட நல்லவரா? வாதம் அங்கேதான் போய் நிற்கிறது. அந்த முடிவை அவரோடு பேசும் ஹிப்பியாஸாலும் ஏற்க முடியவில்லை, சாக்ரட்டீஸாலும் ஏற்க முடியவில்லை. ‘குடியரசு’ முதல் புத்தகத்திலும் இதன் நிழல் உண்டு: பணத்தைப் பாதுகாப்பதில் கெட்டிக்காரர் திருடுவதிலும் கெட்டிக்காரர், ஆகவே நீதிமான் ஒருவகைத் திருடர் என்று தன்னோடு வாதாடும் போலிமார்கஸைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்.

திரும்பவும் ‘கோர்கியாஸ்’. இதன் பிற்பகுதியில் காலிகிளீஸ் வாதத்துக்கு வருகிறார். அரசியலில் இறங்கும் இளைஞர், வலியவர் எளியவரைவிட அதிகம் பெறுவதே இயற்கையின் நீதி என்று நம்புகிறவர். செருப்புத் தைப்பவர், துணி வெளுப்பவர், சமையல்காரர், மருத்துவர் என்று இவர்களையே பேசிக்கொண்டிருக்கிறீர்களே என்று சாக்ரட்டீஸிடம் எரிந்து விழுகிறவர் இவர்தான். சாக்ரட்டீஸ் அவரிடம் இரண்டு மனிதர்களின் ஜாடிகளைப் பற்றிச் சொல்கிறார். ஒருவரின் ஜாடிகள் கெட்டியானவை. ஒன்றில் திராட்சை மது, ஒன்றில் தேன், ஒன்றில் பால். சிரமப்பட்டு ஒருமுறை நிரப்பினார், இப்போது நிம்மதி. மற்றவருடையவை ஓட்டை ஜாடிகள். இரவும் பகலும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் வேதனை. யாருடைய வாழ்க்கை மேல்? காலிகிளீஸ் அசையவில்லை. நிரம்பியவருக்கு இனி இன்பமே கிடையாது, அது கல்லின் வாழ்க்கை. இன்பம் என்பதே ஊற்றிக்கொண்டிருப்பதில்தான் என்கிறார். உவமையை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதன் முடிவை மட்டும் திருப்பிப் போடுகிறார். உலகத் தத்துவ நூல்களில் எதிராளிக்கு இவ்வளவு நேர்மையாக இடம் கொடுத்த பக்கங்கள் குறைவு என்பேன். படிக்கிறவர் யார் பக்கம் என்று தானாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இன்னொரு இடம். கப்பலோட்டியைப் பற்றி சாக்ரட்டீஸ் சொல்வது. ஏஜினா தீவிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க அவர் வாங்குவது இரண்டு ஒபோல், சின்னக் காசு. எகிப்திலிருந்தோ கருங்கடல் பக்கத்திலிருந்தோ ஒருவரை அவர் பிள்ளைகுட்டி, சாமான்களோடு கொண்டுவந்தால் அதிகபட்சம் இரண்டு டிராக்மா. இறக்கிவிட்டுக் கரையில் தன் கப்பலுக்குப் பக்கத்தில் அடக்கமாக நடந்துகொண்டிருப்பார். ஏன் அடக்கம்? தான் மூழ்காமல் காப்பாற்றியவர்களில் யாருக்கு நன்மை செய்தோம், யாருக்குக் கெடுதல் செய்தோம் என்பது தனக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். தீராத நோயோடு வந்தவரும் இறங்கிப் போகிறார், சீர்கெட்ட ஆன்மாவோடு வந்தவரும் இறங்கிப் போகிறார். உயிரோடு இருப்பது நல்லதா என்ற கேள்விக்குக் கப்பலோட்டும் கலையில் பதில் இல்லை. இந்தக் கப்பலோட்டியை நினைவில் வையுங்கள்.

ஏனென்றால் ‘குடியரசு’ ஆறாம் புத்தகத்தில் இதே ஆள் வேறு ஆளாக வருகிறார். கப்பலின் உரிமையாளர் பெரிய உருவம், பலசாலி, ஆனால் காது மந்தம், பார்வையும் குறைவு, கடல் அறிவும் அப்படியே. மாலுமிகள் சுக்கானுக்காக அடித்துக்கொள்கிறார்கள். உண்மையான கப்பலோட்டியை வானத்தைப் பார்த்து உளறுகிறவர் என்று ஒதுக்குகிறார்கள். மக்கள்தான் உரிமையாளர், தத்துவவாதிதான் கப்பலோட்டி. அற்புதமான சித்திரம். ஆனால் ‘கோர்கியாஸ்’ படித்துவிட்டு வந்தவருக்கு உடனே ஒரு கேள்வி எழும். கப்பலோட்டிக்கு எப்படிப் போவது என்று தெரியும். எங்கே போவது என்பதை முடிவு செய்தவர்கள் பயணிகள் அல்லவா? முதலில் ‘குடியரசு’ படித்தவருக்கு இந்தக் கேள்வி எழுவது கஷ்டம். அங்கே எதிரே இருக்கும் கிளாக்கானும் அடிமாண்டஸும் அறிவாளிகள்தான், இரண்டாம் புத்தகத் தொடக்கத்தில் கடுமையாகவே கேட்கிறார்கள். ஆனால் போகப்போக அவர்கள் வேலை பெரும்பாலும் ஆமோதிப்பது. முதல் புத்தகத்தில் திராசிமாக்கஸ் சண்டை போடுகிறார். ஆட்டிடையர் ஆடுகளைக் கொழுக்க வைப்பது ஆடுகளின் நன்மைக்கா என்று அவர் கேட்பது கூர்மையான கேள்வி. பிறகு அவர் அநேகமாக அடங்கிவிடுகிறார்.

‘குடியரசு’ நூலின் முதுகெலும்பு நகரமும் ஆன்மாவும் ஒத்தவை என்பது. தூரத்தில் உள்ள சிறிய எழுத்துகளைப் படிக்க முடியாதவருக்கு அதே எழுத்துகள் வேறோர் இடத்தில் பெரிதாக எழுதப்பட்டிருந்தால் எவ்வளவு வசதி! அதேபோல், தனிமனிதரிடம் உள்ள நீதியை முதலில் நகரத்தில் பெரிதாகப் படிப்போம் என்கிறார் சாக்ரட்டீஸ். நகரத்தில் ஆள்வோர், காவலர், உழைப்போர். ஆன்மாவில் அறிவு, வீரம், ஆசை. அவரவர் தம் வேலையைச் செய்வது நீதி.

இரண்டிலும் எழுதியிருப்பது ஒரே எழுத்துகள்தான் என்று நமக்கு எப்படித் தெரியும்? சிறிய எழுத்தைப் படிக்க முடிந்தால்தான் ஒத்துப்பார்க்கவே முடியும். பிளேட்டோ இதையும் உணர்ந்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்து, தீக்கடையும் கோல்களைப் போல உரசினால் நீதி பற்றிக்கொள்ளும் என்று நான்காம் புத்தகத்தில் சொல்ல வைக்கிறார். சோதிக்கிறேன் என்கிறார், நல்லது. ஆனால் நகரத்து உழைப்பாளிகள் ஆன்மாவில் ஆசையாக மாறும்போது, அவர்கள் பேச்சைக் கேட்கவே வேண்டாம் என்பதும் கூடவே வந்து சேருகிறது. ஆசை அடங்கி இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டவர், விவசாயி அடங்கி இருக்க வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டவராகிறார். நகரம் என்பது பலர் சேர்ந்தது, அதை ஒரே ஆளைப் போல ஆக்கினால் நகரமே இருக்காது என்று அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலின் இரண்டாம் புத்தகத்தில் எதிர்த்தார். 1973இல் பெர்னார்ட் வில்லியம்ஸ் எழுதிய கட்டுரை ஒன்று இந்த ஒப்புமைக்குள் இருக்கும் முரணைப் பிரித்து வைத்தது; அன்றிலிருந்து அறிஞர்கள் இதைப் பற்றி வாதாடிக்கொண்டே இருக்கிறார்கள். இவ்வளவு பெரிய உவமைக்குள் முதல் நாளே குடியேறிவிட்டால் வெளியே வந்து பார்ப்பது கஷ்டம். அதனால்தான் இதை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைக்கச் சொல்கிறேன். தள்ளிவிட வேண்டும் என்று சொல்லவில்லை.

‘நிக்கோமாக்கிய அறவியல்’ நேர் எதிர். பத்துப் புத்தகங்கள், உரையாடல் கிடையாது, வகுப்புக் குறிப்புகளைப் போல இறுகிய நடை. உவமைகள் ஒரு வரியில் வந்துவிட்டுப் போய்விடும். குறி தெரிந்தால் வில்லாளி நன்றாக எய்வார். வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறோம், யாழ் வாசித்து வாசித்துத்தான் யாழ் கலைஞர். மருத்துவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டுவிட்டு எதையும் செய்யாத நோயாளியைப் போலத்தான் பலர் தத்துவம் படிக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது மைலோவின் சாப்பாடு. பத்து மினா உணவு அதிகம், இரண்டு மினா குறைவு என்றால், பயிற்சியாளர் நடுவில் ஆறு மினா என்று எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிட மாட்டார். குரோட்டன் ஊர் மல்யுத்த வீரர் மைலோவுக்கு ஆறு மினா போதாது. புதிதாகப் பயிற்சிக்கு வந்தவருக்கு அது தாங்காது. ஒரு மினா ஏறக்குறைய 430 கிராம் என்று வைத்தால் ஆறு மினா இரண்டரைக் கிலோவுக்கும் மேல். அரிஸ்டாட்டில் சொல்லும் நடுநிலை என்றால் எல்லாவற்றிலும் பாதி என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு பத்தி போதும்.

அதோடு, உவமையை அது செல்லும் தூரம்வரை மட்டும் பயன்படுத்திவிட்டு, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே தானே நிறுத்துகிறவர் அரிஸ்டாட்டில். தொழிலில் செய்த பொருள் நன்றாக இருந்தால் போதும். அறத்திலோ செய்தவர் அறிந்து, அந்தச் செயலுக்காகவே அதைத் தேர்ந்து, உறுதியான மனநிலையோடு செய்தாரா என்பதும் முக்கியம் என்று இரண்டாம் புத்தகத்தில் சொல்கிறார். ‘சிறிய ஹிப்பியாஸ்’ விட்டுச்சென்ற சிக்கலுக்கு ஆறாம் புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரே வரியில் பதில் இருக்கிறது: கலையில் வேண்டுமென்றே தவறு செய்கிறவர் மேல், நடைமுறை விவேகத்திலும் அறங்களிலும் அவர்தான் கீழ். அதனால் விவேகம் ஒரு தொழில்நுட்பம் கிடையாது. இந்த வரியைப் படித்து ஒருவர் துள்ளிக் குதிக்க வேண்டுமானால், அதற்கு முன் கோர்கியாஸ் மாட்டிக்கொண்ட இடத்தைப் படித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இன்னொரு வறண்ட வரி. இவரை முதலில் எடுக்க வேண்டாம் என்பதற்கு எனக்கு இருக்கும் காரணம் இதுதான். இவரிடமும் சறுக்கல் உண்டு. தச்சருக்கும் செருப்புத் தைப்பவருக்கும் தனி வேலை இருக்கும்போது, கண்ணுக்கும் கைக்கும் காலுக்கும் வேலை இருக்கும்போது, மனிதனுக்கென்று ஒரு வேலை இல்லாமலா போகும் என்று முதல் புத்தகத்தில் கேட்கிறார். ஏன் இல்லாமல் போகக் கூடாது என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

எபிகூரஸின் கடிதங்கள் சுருக்கமானவை, மெனோசியஸுக்கு எழுதியதை ஒரே மாலையில் படித்துவிடலாம். அவர் பள்ளியில் எல்லாமே மருத்துவம்தான்: உடல் நோயைப் போக்காத மருத்துவத்தால் பயனில்லாதது போல, மனத் துயரைப் போக்காத தத்துவத்தாலும் பயனில்லை. இன்றைய துருக்கியில் உள்ள ஒயினோவாண்டாவில், டயோஜெனஸ் என்ற எபிகூரியர் இந்த மருந்தை ஊருக்கே கிடைக்கும்படி ஒரு மண்டபச் சுவரில் நீளமாகப் பொறித்துவைத்தார். மனதைத் தொடும் செயல். ஆனால் வாசகர் இங்கே நோயாளி. நோயாளி மருத்துவரோடு வாதாடுவதில்லை, அதனால் தொடக்க நூலாக இது எனக்கு ஒத்துவரவில்லை.

எபிக்டெட்டஸ் ஸ்டோயிக் என்ற தத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர், அடிமையாக இருந்து விடுதலை பெற்று நிக்கோபோலிஸில் பாடம் நடத்தியவர். அவர் மாணவர் அரியன் எழுதிவைத்த ‘கையேடு’ 53 சிறிய அத்தியாயங்கள். இங்கே உவமையின் வேலையே வேறு. விருந்தில் தட்டு உன்னிடம் வரும்போது அளவாக எடுத்துக்கொள். தரப்பட்ட பாத்திரத்தை நன்றாக நடி, பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது உன் வேலை இல்லை. காலையில் ஒன்றைப் படித்துவிட்டு நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம். அவருடைய ‘உரைகள்’ நூலில் பந்தாட்டம் வருகிறது: பந்துக்குத் தனி மதிப்பில்லை, ஆனால் அதை எறிவதிலும் பிடிப்பதிலும் திறமை உண்டு. சாக்ரட்டீஸுக்கு நீதிமன்றத்தில் கிடைத்த பந்து சிறை, நாடுகடத்தல், நஞ்சு, மனைவியை இழப்பது, பிள்ளைகளை அநாதையாக விடுவது. அதையும் அழகாக ஆடினார் என்கிறார். ஸ்டோயிக்குகள் தொழில் உவமையின் சிக்கலை அறிந்து தொழிலையே மாற்றிக்கொண்டார்கள். ஞானம் மருத்துவத்தையோ கப்பலோட்டுவதையோ போன்றது அல்ல, நடிப்பையும் நடனத்தையும் போன்றது, அதன் பயன் அதிலேயே இருக்கிறது என்று ரோமானிய எழுத்தாளர் சிசரோ ஸ்டோயிக்குகளின் கருத்தாக எழுதியிருக்கிறார். புத்திசாலித்தனமான மாற்றம்.

ஆனால் ‘கையேடு’ ஏழாம் அத்தியாயத்தில் என்னால் முழுதாக ஒப்ப முடியவில்லை. கப்பல் நங்கூரமிட்டிருக்கும்போது தண்ணீர் எடுக்க இறங்குகிறோம், வழியில் ஒரு சிப்பியையோ கிழங்கையோ பொறுக்குகிறோம், தலைவர் கூப்பிட்டால் போட்டுவிட்டு ஓட வேண்டும். மனைவியும் குழந்தையும் அந்தச் சிப்பியும் கிழங்கும் போலத்தான் என்கிறார். இழப்பு வந்து நிற்கும் ஒருவருக்கு இது உதவலாம், பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் குழந்தையைச் சிப்பியோடு வைக்கும் இடத்தில் “இல்லை” என்று சொல்லும் ஒரு காலிகிளீஸ் எனக்கு வேண்டும். அவர் இந்த நூலில் இல்லை.

ஆகவே என் வரிசை: ‘கோர்கியாஸ்’, பிறகு ‘நிக்கோமாக்கிய அறவியல்’ இரண்டாம் புத்தகமும் ஆறாம் புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயமும், அதன் பிறகு ‘குடியரசு’ முழுவதும். நடுவில் ஒரு மாலை கிடைத்தால் ‘சிறிய ஹிப்பியாஸ்’. துயரத்தில் இருக்கிறீர்கள், வாதம் வேண்டாம், பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்றால் ‘கையேடு’ எடுங்கள். அதற்கு இந்த வரிசை பொருந்தாது. வகுப்பு நடத்துகிற ஆசிரியராக இருந்தால் ‘கோர்கியாஸ்’ கடைசியில் வரும் வழக்கை மாணவர்களை நடிக்கவே வைக்கலாம். குழந்தைகள்தான் நடுவர்கள், குற்றம் சாட்டுகிறவர் சமையல்காரர், கூண்டில் மருத்துவர். பிள்ளைகளே, இந்த ஆள் உங்களை அறுத்தார், சுட்டார், பட்டினி போட்டார், கசப்பு மருந்து கொடுத்தார். நானோ விதவிதமாக இனிப்பு கொடுத்தேன் என்கிறார் சமையல்காரர். எல்லாம் உங்கள் உடல்நலத்துக்காகத்தான் என்று மருத்துவர் சொன்னால் அந்த நடுவர்கள் என்ன கூச்சல் போடுவார்கள்! கி.மு. 399இல் சாக்ரட்டீஸுக்கு நடந்ததை அறிந்து பிளேட்டோ எழுதிய பக்கம் அது. நடித்து முடித்த பிறகு, ஏதென்ஸ் மக்களைக் குழந்தைகள் என்பது நியாயமா என்று மாணவர்களிடம் கேளுங்கள். வாக்குவாதம் ஒரு மணி நேரம் ஓடும்.

எந்த மொழிபெயர்ப்பாக இருந்தாலும் ஓரத்தில் எண்கள் உள்ள பதிப்பாக வாங்குங்கள். பிளேட்டோவுக்கு அவை 1578ஆம் ஆண்டுப் பதிப்பின் பக்க எண்கள், எல்லா மொழிகளிலும் ஒன்றேதான், இடம் கண்டுபிடிக்க வசதி. ஜோவெட்டின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எண்கள் இல்லாத பிரதிகளும் சுற்றுகின்றன, பார்த்து எடுங்கள். ‘கோர்கியாஸ்’ முழுவதற்கும் நேரமில்லை என்றால் 447 முதல் 466 வரை படித்துவிட்டு, காலிகிளீஸ் வாதத்தில் நுழையும் 481க்குத் தாவி 522 வரை போங்கள்.